தடையில்லாச் சான்று

அண்ணாச்சி, அந்தப் பையக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுதியளா? கால நீட்டணும். மடக்கியே வச்சிருந்தா ரயிலு நாகர்கோவில் வாறதுக்குள்ள மூட்டு பூட்டிக்கிடும். ஆங், போதும் போதும்.

பெட்டியில ஒட்டியிருக்க சீட்டப் பாத்தேன். எந்த நாட்டுலேருந்து வாறிய? அப்படியா. எத்தன வருசமாச்சு? பதினேழா! பதினேழு வருசம் அங்கன கெடந்தும் பாஸ்போர்ட்டு நம்ம பாஸ்போர்ட்டுதான? லேசுல குடுத்திர மாட்டானுவ, தெரியும். ஆனா எங்க செல்சனுக்கு ஆறே மாசத்துல குடுத்தாம்லா. உங்க நாடு இல்ல, கிட்டத்துல இன்னொண்ணு. பேரச் சொல்லல, அவன் அங்கதான இன்னும் இருந்தாவணும்.

அவனத்தான் இப்ப பிளேன் ஏத்தி விட்டுட்டு வாறேன்.

நான் சுயம்புலிங்கம். திருநெல்வேலி ஜங்சன்ல பார்சல் ஆபீசு. ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா. பீச் வாலிபால், அண்ணாச்சி. மணல்ல ஆடுதது, டிவியில பாத்திருப்பிய. சாதா வாலிபால்ல ஆறு பேரு. ஒருத்தன் போனா பெஞ்சுலேருந்து இன்னொருத்தன் எந்திச்சு வருவான். எங்களுக்கு பெஞ்சே கெடையாது. ரெண்டே பேரு. ஒருத்தன் விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது. நானும் செல்சனும் எட்டு வருசம் ஜோடி. இந்தியாவுல எங்கள அடிக்க ஆளு இல்ல. பெருமைக்குச் சொல்லல, நெசமாவே இல்ல.

அவன் உவரிக்கும் மணப்பாட்டுக்கும் நடுவுல ஒரு கடற்கரை ஊரு. ஆறடி அஞ்சங்குலம். வலைக்கு மேல வாறது எல்லாம் அவனுக்கு, கீழ வாறது எல்லாம் எனக்கு. நான் விழுந்து எடுத்துக் குடுப்பேன், அவன் எழும்பி அடிப்பான். கைதட்டு அடிச்சவனுக்குத்தான விழும்? விழுந்துட்டுப் போவுது. நான் அதெல்லாம் பாக்குத ஆளு இல்ல.

எங்க சம்மேளனம் வருசத்துக்கு ரெண்டு டோர்னமெண்ட்டுக்கு வெளிநாடு அனுப்பும். ஒலிம்பிக்குக்குப் போவணும்னா பாயிண்ட் வேணும். பாயிண்ட் வேணும்னா வருசத்துக்குப் பன்னெண்டு, பதினாலு ஆடணும். ரெண்டு ஆடுனா எங்க போய் பாயிண்ட் சேர? ஒரு தடவ சென்னை ஏர்போர்ட்டுல வரிசையில நிக்கோம், போன் வருது. எங்க பேர அனுப்ப மறந்துட்டாவளாம், திரும்பி வாங்கன்னு. பந்துப் பையத் தூக்கிக்கிட்டு அப்படியே எழும்பூர் வந்து ரயில் ஏறுனோம். விழுப்புரம் தாண்டுனப்போ செல்சன் பந்துப் பைய எடுத்து மடியில வச்சான். பொறவு, "எனக்கு இருபத்தெட்டு ஆவுதுல"ன்னான். அம்புட்டுதான் சொன்னான்.

அதே வருசம்தான் அந்த நாட்டுக்கு ஆடப் போனோம். கால் இறுதியில அந்த ஊருக்காரனுவகூட மூணாவது செட்டு வரைக்கும் இழுத்து, பதினஞ்சுக்குப் பதிமூணுல தோத்தோம். மறுநாள் காலையில ஓட்டல்ல சாப்பிட எறங்குதோம், அவனுவ கோச்சு வாறான். செர்பியாக்காரன், மூக்கு மட்டும் வெயில்ல வெந்து செவந்து கெடக்கும். கையில துணிக்கடைக்காரன் வச்சிருக்குத மாதிரி ஒரு டேப்பு. செல்சன சுவரோட சேத்து நிறுத்தி, கையத் தூக்கச் சொல்லி அளக்கான். விரல விரிக்கச் சொல்லி அளக்கான். எழும்பச் சொல்லி சுவத்துல பென்சில வச்சுக் கோடு போடுதான். நான் பக்கத்துல தட்டோட நிக்கேன். பொய் சொல்லப்படாது, எனக்கும் அளப்பான்னு தட்டக் கீழ வச்சேன். அளக்கல. "குட் மேட்ச்"னு சொல்லிட்டுப் போயிட்டான்.

அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. என் கையி எம்புட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும்.

விசயம் என்னன்னா, அந்த நாட்டுக்காக ஆடணும். வீடு, சம்பளம், பாஸ்போர்ட்டு எல்லாம் அவனுவ குடுப்பானுவ. செல்சன் அதையெல்லாம் காதுல வாங்குன மாதிரியே தெரியல. "வருசத்துக்கு பதினாலு டோர்னமெண்ட்டுல, சுயம்பு"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தான். திரும்பி வாற பிளேன்லயும் அதையேதான். பொறவு கேட்டான்: "நீ என்னல சொல்லுத?"

"இதுல நான் சொல்ல என்ன இருக்கு? உன் இஷ்டம்"ன்னேன்.

நான் தடுக்கல, அண்ணாச்சி. அத நீங்க மனசுல வச்சுக்கிடணும். ஜனகணமன போடுதப்போ எனக்குக் கண்ணு கலங்கிரும். அவன் சூயிங்கம் மென்னுக்கிட்டு நிப்பான். அப்படிப்பட்டவன்கிட்ட நாடு, கொடின்னு பேசி என்ன ஆவப் போவுது? அதனால பேசல.

ஊருக்கு வந்த பொறவும் கேட்டான். பிராக்டிஸ் முடிஞ்சு மணல்ல மல்லாந்து கெடக்கையில கேட்டான். உன் இஷ்டம்ன்னேன். அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். அவங்க அம்மை புஷ்பத்தம்மா மீன் குழம்ப ஊத்திக்கிட்டே, "நீ சொன்னா கேப்பான்யா, ஏதாச்சும் சொல்லேன்"ன்னாவ. "அவன் வாழ்க்கை, அவன்தான்மா முடிவு பண்ணணும்"ன்னேன். செல்சன் தட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். அவனுக்கும் ரயில்வேதான், அந்த வேலைய ராஜினாமா பண்ணுத அன்னைக்கு என் ஆபீசுக்கே வந்துட்டான். எழுதுன பேப்பர என் முன்னால நீட்டிக்கிட்டே நிக்கான். நீட்டிக்கிட்டே நிக்கான். எனக்கு எதுக்கு நீட்டுதான்? நான் என்ன ஆபீசரா? "ரெண்டாவது மாடியில குடுக்கணும்ல"ன்னு வழி சொன்னேன். போயி குடுத்துட்டான்.

எங்க ஆட்டத்துல ஒரு சட்டம் உண்டுன்னு சொன்னாவ. நாடு மாறுதவனுக்குப் பழைய நாட்டு சம்மேளனம் தடையில்லாச் சான்று குடுக்கணும். அது இருந்தா ரெண்டு வருசம் காத்திருந்தாப் போதும். இல்லன்னா நாலு. "குடுத்திரலாம்பா, நீ கெளம்பு"ன்னு செயலாளர் வாயாலதான் சொன்னாரு. அத நம்பி இவன் போயிட்டான். புதுப் பாஸ்போர்ட்டு வாங்கி, நம்ம பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்துட்டான். ரெண்டையும் வச்சுக்கிட நம்ம நாட்டுல முடியாதுல்லா.

அவன் போன அன்னைக்கு நான் வழியனுப்பப் போவல. பிராக்டிஸ் இருந்துச்சு. யாருகூடன்னு கேக்கியளா? தனியாத்தான். இந்தப் பக்கம் நின்னு சர்வீஸ் போடுவேன், வலைக்குக் கீழ குனிஞ்சு அந்தப் பக்கம் போயி நானே பந்த எடுத்துட்டு வருவேன். இருநூறு சர்வீஸ். மறுநாளும் அப்படித்தான். கடலுக்குப் போயிட்டு வாற ஆளுவ நின்னு வேடிக்கை பாப்பாவ.

ரெண்டு மாசம் கழிச்சு சம்மேளனத்துலேருந்து கூப்பிட்டாவ. போனா ஏசி ரூமு, மூணு பேரு உக்காந்திருக்காவ, டீ பிஸ்கட்டு எல்லாம் குடுத்தாவ. செயலாளர் கேட்டாரு: "செல்சனுக்கு ஈடா இந்தியாவுல வேற ஆளு இருக்கா?"

"இல்ல சார்"ன்னேன்.

அம்புட்டுதான், அண்ணாச்சி. ஒரு வார்த்தை. அது பொய்யா? உள்ளதச் சொன்னேன். அத ஒரு பேப்பர்ல எழுதி நீட்டுனாவ, கையெழுத்துப் போட்டேன். சொன்னதுக்குக் கையெழுத்துப் போடாம இருக்க முடியுமா? அவனுக்குச் சான்று குடுக்கலாமா வேண்டாமான்னு யாரும் எங்கிட்ட கேக்கல. கேட்டிருந்தா குடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன். கேக்காத கேள்விக்கு எப்படி பதில் சொல்ல?

ரெண்டு வாரத்துல செல்சன் போன் போடுதான். "சான்று குடுக்க மாட்டோம்னு எழுதிட்டாவல. நாலு வருசமாம்ல. என்னல ஆச்சு? நீ ஏதாச்சும் கேள்விப்பட்டியா?"

"எனக்கென்னல தெரியும்"ன்னேன்.

அப்பச் சொல்லி என்ன ஆவும், நீங்களே சொல்லுங்க? கடிதம் போயாச்சு. செயலாளரும் முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் என்னயக் கூப்பிட்டிருப்பாரு. நான் வேற மாதிரிச் சொன்னாலும் அதேதான் நடந்திருக்கும். நடந்திருக்கும்லா?

நாலு வருசம் ஒரு ஆட்டக்காரன் ஆட்டம் இல்லாம இருக்கது எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. தெனமும் காலையில பிராக்டிஸ் பண்ணுவான், அந்த நாட்டு ஜோடிக்கு எதிர்ப்பக்கம் நின்னு. அவனுவ டோர்னமெண்ட்டுக்குப் போனா இவன் வீட்டுல இருப்பான். இங்க வந்து ஆடவும் முடியாது, இப்ப அவன் வெளிநாட்டுக்காரன். அங்க ஆடவும் முடியாது. ரெண்டு பாஸ்போர்ட்டுல ஒண்ணாவது உதவணுமே.

எனக்கும் நல்லா இல்ல, கேட்டியளா. அரியானாக்காரப் பையன் ஒருத்தன என்கூடப் போட்டாவ. நல்ல பையன். ஆனா நான் பந்த எங்க குடுத்தாலும் அவன் அங்க இருக்க மாட்டான். அவனச் சொல்லி என்ன? எட்டு வருசமா என் கை ஒரே உசரத்துக்குக் குடுத்துப் பழகிட்டு. ஒண்ணர அடி மேல போயிரும் பந்து.

மூணாவது வருசம் ஆசியப் போட்டி அந்த நாட்டுலயே வந்துச்சு. ஏர்போர்ட்டுல எறங்குதோம், "இந்தியா"ன்னு அட்டையத் தூக்கிக்கிட்டு வேன் பக்கத்துல நிக்கான் செல்சன். எங்க டீமுக்கு உதவிக்கு ஆளு வேணும்னு கேட்டப்போ அவனே பேர் குடுத்திருக்கான். கழுத்துல பச்சை அட்டை. ஆடுதவங்களுக்கு நீலம். பச்சை அட்டைக்காரன் மணல்ல கால் வைக்கப்படாது, கயிறுக்கு வெளியதான் நிக்கணும். ஐஸ் பெட்டி தூக்குனான், டவல் மடிச்சுக் குடுத்தான். எங்க அரியானாப் பையன் அவன "டிரைவர் சாப்"ன்னு கூப்பிட்டான். அவனுக்கு யாருன்னு தெரியல. நானும் சொல்லல, அந்த நேரத்துல என்னத்தச் சொல்ல.

மொத ரவுண்டுலயே தோத்தோம். இருபத்தொண்ணுக்குப் பன்னெண்டு, இருபத்தொண்ணுக்கு ஒம்பது. நடுவுல ஒரு பந்து நல்லா எடுத்தேன், கண்ண மூடிக்கிட்டுப் பழைய உசரத்துக்குக் குடுத்துட்டேன். பந்து மேல போவுது, யாரும் எழும்பல. திரும்பிப் பாக்கேன், கயிறுக்கு அந்தப் பக்கம் செல்சன் கால் ரெண்டும் தரையில இல்ல. அவனே அறியாம எழும்பிட்டான். பக்கத்துல நின்ன செக்யூரிட்டி அவன் தோளப் புடிச்சு அமுக்குதான்.

மத்தியானம் சாப்பிடக் கூட்டிட்டுப் போனான். ஆறுமுகனேரிக்காரர் நடத்துத கடை. மீன் வறுத்து வச்சாரு. செல்சன் போன எடுத்து ஒரு படத்தக் காட்டுனான். சம்மேளனத்துக் கடிதம். இங்கிலீசுலதான் இருக்கு. ஒரு எடத்துல விரல வச்சு வாசிக்கச் சொன்னான். இவரோட ஜோடி ஆட்டக்காரர் சுயம்புலிங்கமே நேருல வந்து, இவருக்கு ஈடா நாட்டுல வேற ஆளு இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காரு, அதனால விடுவிக்க முடியாதுன்னு.

"நீ சொன்னதுதான?"

"ஆமா"ன்னேன். தட்டத் தள்ளி வச்சுட்டேன். அடிப்பான்னு நெனச்சேன். அடிக்கட்டும்னுதான் இருந்தேன். அவன் கையி எம்புட்டு பெருசுன்னு எனக்குத்தான தெரியும்.

அடிக்கல. "மூணு வருசமா இத அழிக்காம வச்சிருக்கேம்ல. எட்டு வருசத்துல ஒரு நாளாவது எங்கிட்ட இப்படிச் சொல்லியிருக்கியாடே நீ?"ன்னான். பொறவு தண்ணியக் குடிச்சிட்டு சொன்னான்: "இத எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேம்ல, சுயம்பு."

நான் என்ன சொன்னேன்கிய? "மீன் ஆறுது, சாப்பிடு"ன்னேன்.

ஆனா ஒண்ணு, அண்ணாச்சி. இத அவன் அப்பவே வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்லா? போவாதன்னு சொல்லுவியான்னு நேராக் கேட்டிருக்கணும். "நீ என்ன சொல்லுத, நீ என்ன சொல்லுத"ன்னா? அது ஒரு கேள்வியா? எனக்கு எப்படி வெளங்கும்? நாலு தடவ கேட்டான், சரி. நாலு தடவையும் ஒரே மாதிரித்தான கேட்டான்.

போன மார்ச்சுல அவனுக்கு நாலு வருசம் முடிஞ்சுது. ஆடலாம்னு பேப்பர் வந்துட்டு. வந்து என்ன பண்ண? முப்பத்திரெண்டு வயசு. அந்தச் செர்பியாக்காரன் எங்கயோ ஒரு தீவுலேருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்துட்டான். பெரியவனுக்கு இருபத்தொண்ணு. ரெண்டு பேரும் செல்சன விட ஒசரம். அவனுவள அளக்குதப்போ டேப்போட மறு நுனியப் புடிச்சது செல்சன்தான். அவனே சிரிச்சுக்கிட்டு சொன்னான். இப்ப அவன் அந்த டீமுக்கு வேன் ஓட்டுதான். அந்த நாட்டுக் கொடி போட்ட சட்டையெல்லாம் குடுத்திருக்கானுவ, முதுகுல நம்பர் மட்டும் கெடையாது.

புஷ்பத்தம்மாவுக்கு முடியாமப் போச்சு. அதுக்குத்தான் இப்ப வந்தான். முப்பது நாள் விசா. அவன் பொறந்த ஊருக்கு அவனுக்கு விசா. பாரத்துல, இந்தியாவுல தங்கப் போற முகவரின்னு கேட்டிருக்கு. அம்மை வீட்ட எழுதியிருக்கான். உறவினரான்னு ஆபீசுல கேட்டானுவளாம்.

இந்த முப்பது நாளுக்குள்ள ஊர்க் கோயில் திருவிழா வந்துச்சு. மணல்ல வலை கட்டி ஊர்ப் பையமாருவ டோர்னமெண்ட் வச்சாவ. செல்சன் ஆசையா டவுசர் மாட்டிக்கிட்டு வந்துட்டான், என்னையும் வரச் சொல்லியிருந்தான். நோட்டீசுல "உள்ளூர் வீரர்கள் மட்டும்"னு போட்டிருக்கு. பையமாருவளுக்கு ஒரே சங்கடம். "அண்ணன் வெளிநாட்டு பிளேயருல்லா, எதிர் டீமுக்காரனுவ ஒத்துக்கிட மாட்டானுவ"ன்னு தலையச் சொறியுதானுவ. அவன் வீட்டுலேருந்து பாத்தா அந்த வலை தெரியும். அம்புட்டு உள்ளூரு. செல்சன் சண்டை போடல. "சரில, விசிலாவது குடுங்க"ன்னு வாங்கிக்கிட்டான். நாள் பூரா நடுவரா நின்னான். நல்லாத்தான் ஊதுனான், ஒரு தப்பு கெடையாது.

அம்மைக்கு இன்னும் சரியாவல. நாளையோட விசா முடியுது. நீட்டிக்கக் கேட்டுப் பாத்தான், ஆவல.

இன்னைக்குக் காலையில ஏர்போர்ட்டுக்கு நானும் கூட வந்தேன். வாசல்ல நிக்குத போலீசுகிட்ட அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டக் காட்டிட்டு உள்ள போனான். என்னய உள்ள விடல. கண்ணாடி வழியாப் பாக்கேன். வரிசையில எல்லாரையும் விட ஒரு தல உசரமா நிக்கான், அதனால தெரியுது. எனக்கு அப்போ வாய் வரைக்கும் வந்துட்டு, அண்ணாச்சி. போவாதல, இங்கனயே இருன்னு. கண்ணாடியத் தட்டக் கையத் தூக்கிட்டேன். பொறவு நெனச்சேன், இப்பச் சொன்னா அவன் என்ன செய்வான்? இருக்க முடியாதே. நாளை கழிச்சு இங்க நின்னா அவனப் புடிச்சு உள்ள வச்சிருவாவளே. கைய எறக்கிட்டேன்.

அவன் தல மறைஞ்ச பொறவும் அங்கனயே நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு செக்யூரிட்டி வந்தான், மலையாளத்துக்காரன். ஆளு வாறதுக்காக நிக்கியளான்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன், ஏன் சொன்னேன்னு தெரியல. "இது போற வாசல், வாற ஆளுங்க அந்தப் பக்கம் வருவாங்க"ன்னு கையக் காட்டுனான்.

அங்க போயி நின்னேன். கம்பியப் புடிச்சுக்கிட்டு, பேரு எழுதுன அட்டையத் தூக்கிக்கிட்டு நிக்குத கூட்டத்தோட கூட்டமா. உங்க பிளேன் ஆளுவ ஒவ்வொருத்தரா வந்தாவ. பிள்ளையள்லாம் ஓடிப் போயி கட்டிப் புடிச்சுதுவ. கடைசியில நீங்க வண்டியத் தள்ளிக்கிட்டு வந்திய. கதவு மூடுத வரைக்கும் நான் பாத்துக்கிட்டே நின்னேன். உங்களுக்குப் பின்னால யாரும் வரல.